மூன்றாம் இடத்து அடைப்பு

சான் எலியாஸில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் போதாது. குயில்வியோ சொல்ல வேண்டும். அவன் வண்டி தெருத்தெருவாக ஊர்ந்து, பெயரையும் அடக்க நேரத்தையும் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அந்த ஆள் முறைப்படி செத்ததாகக் கணக்கு. அதுவரை அவர் சும்மா படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவனுடையது ஒரு பழைய பிக்கப் வண்டி. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள். முன் கண்ணாடியில் ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான மரங்கொத்திகளின் கொடி. வெயிலில் மாதா வெளிறிப்போய் முகமே தெரியாது. கொடியை மட்டும் வருஷா வருஷம் புதிதாக மாற்றிவிடுவான்.

குயில்வியோ பிரசோபானுக்குப் பெயரில்தான் குயில். தொண்டையில் இருந்தது வாணலியைச் சுரண்டும் கரண்டி. ஆனால் இடத்துக்கு ஏற்றபடி சுரண்டத் தெரிந்த கரண்டி. வாழைக்காய் விலை இறங்கினால் மூச்சுவிடாமல் விரட்டும். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்காக நெஞ்சு வெடிக்கக் கத்துவான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், எதிர்க்கட்சிக்காக அதே நெஞ்சு அதே இடத்தில் வெடிக்கும். சாவு என்றால் மட்டும் குரல் தரையோடு தரையாக இறங்கிவிடும். சொல்லுக்குச் சொல் ஒரு பெருமூச்சு விழும். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதுமே பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து சிலுவை போட்டுக்கொள்வார்கள். யார் என்று கேட்பதெல்லாம் அப்புறம்.

அந்தக் குரலைத்தான் அவன் பேஸ்பாலுக்குக் கொடுத்துக் கெடுத்தான்.

அந்த சீசனில் எங்கள் அணிக்கு மேனேஜர் டிர்சோ மொன்டாஸ். நல்ல மனிதர், சலவை மடிப்புக் கலையாத சட்டை, யார் சொன்னாலும் கேட்காத காது. அவர் பேட்டிங் வரிசையில் மூன்றாம் இடத்தை பெர்சியோ லூசியானோவுக்குக் கொடுத்திருந்தார்.

பெர்சியோ ஒரு காலத்தில் ஊருக்கே சாமி. அவன் அடித்த பந்து ஒன்று மைதானத்துக்கு வெளியே போன கொக்கோ லாரியில் விழுந்து துறைமுகம்வரை போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அந்த லாரி டிரைவரே நேரில் வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார்; யாரும் நம்பவில்லை. அது அந்தக் காலம். இப்போது அணியின் பதிவுப்படி அவனுக்கு வயது முப்பத்தெட்டு. அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மைதானத்துக்குள் முதலில் வயிறு வரும், பின்னாலேயே அவன் வருவான். பந்து வந்து, பிடிப்பவன் கையுறைக்குள் போய், சற்று இளைப்பாறிய பிறகு இவன் மட்டை சுழலும்.

மூன்றாம் இடம் சும்மா இல்லை. முதல் இரண்டு பேர் எப்படியாவது பேஸில், அதாவது ஓடுபாதையின் மூலையில், போய் நிற்க வேண்டும். மூன்றாமவன் ஓங்கி அடித்து அவர்களை ஓடவைத்து, 'வீடு' என்கிற தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்; அப்போதுதான் ரன். எங்கள் ஆட்களில் முதல் இரண்டு பேரும் பேஸில் நின்று நின்று அங்கேயே வேர்விட்டார்கள். ஓடினால் கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும் வில்கின் என்ற பையனை டிர்சோ ஒன்பதாம் இடத்தில் போட்டு வைத்திருந்தார், விருந்தாளிக்கென்று வாங்கிய தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி.

அன்றைய வரிசையைச் சாயங்காலம் ரேடியோவில் வாசிப்பார்கள். என் மளிகைக் கடை வாசலில் டோமினோ மேசை உண்டு. குயில்வியோ வண்டியை ஓரங்கட்டி, ஒரு பீரை வாங்கிக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிறவன் போல நிற்பான்.

"மூன்றாவது... பெர்சியோ லூசியானோ" என்றது ரேடியோ.

பாட்டிலை மேசையில் ஒரு குத்து. டோமினோக் காய்கள் துள்ளிச் சரிந்தன.

"யோவ், ஆட்டத்தக் கலைக்காத!" என்று கத்தினான் ஃபாவுஸ்டோ. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். பாதி நேரம் என் கடையில்தான் இருப்பான்.

"எதுய்யா ஆட்டம்? ஒம்பது பேருக்கு நடுவுல ஒரு பொணத்தப் படுக்க வச்சிட்டு, மத்தவனெல்லாம் தாண்டிப் போங்கடாங்கறான். அதுவா ஆட்டம்?"

"மேனேஜர் நேத்து ரேடியோல சொன்னாரே, கேக்கல? பெர்சியோ வந்து நின்னாலே எதிராளிக்கு ஒரு கனம் தெரியுதாம்."

"தெரியாம என்ன? பெல்ட்டுக்கு மேலயும் தெரியுது, கீழயும் தெரியுது."

டிர்சோ ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு ஊரில் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மேனேஜரின் மனைவி பெர்சியோவின் தங்கை என்றார்கள். பெர்சியோவுக்குத் தங்கையே கிடையாது. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து மந்திரவாதி ஒருவன் மூன்று என்ற எண்ணைக் கட்டிவிட்டான் என்றார்கள். அவருக்கு வேறு யோசனை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது அவ்வளவு சுவையாக இல்லை.

குயில்வியோவுக்கு வீட்டிலும் இதே வேலை. அவன் மனைவி நூரிஸ் முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்வாள். அவளுடைய சுருள் உருளைகளில் ஒன்பதை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கி, மாற்றி, மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பான். தலையில் பாதி உருளையோடு ஒரு பெண் காத்திருப்பாள்.

"இந்த வீட்ல நாலு நாற்காலி இருக்கு" என்பாள் நூரிஸ். "அதை ஒரு நாளாவது ஒழுங்கா வரிசையா போட்டிருக்கியா? ஒம்பது பேரை வரிசைப்படுத்த வந்துட்டான். கொடு அந்தப் பச்சைய."

"அது வில்கின். அவன்தான் முதல்ல போகணும்."

"ஆமா, முதல்ல இவங்க தலைக்குப் போகணும். கொடு."

தலைநகரத்து அணியோடு நடந்த ஆட்டத்தில் விஷயம் முற்றியது. மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். பெர்சியோ வந்தான். அதிசயமாக மட்டையில் பந்து பட்டது. பட்டது சோம்பேறித்தனமாக உருண்டு நேராக எதிராளி காலடிக்குப் போனது. அவன் அதைக் குனிந்து எடுத்து, யோசித்து, நிதானமாக எறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கினான். பெர்சியோ முதல் பேஸுக்குப் பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை சாவுக் குரல் தெருவுக்குள் வந்தது.

"சான் எலியாஸ் பெருமக்களே... ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்... மரங்கொத்திகளின் பேட்டிங் வரிசை... நேற்று மாலை... மூன்றாம் இடத்தில் ஏற்பட்ட அடைப்பினால்... காலமானது. அன்னாரைப் பிரிந்து வாடுவோர், பேஸில் நின்ற மூவர். அடக்கம் இன்று மாலை மைதானத்தில். மலர்வளையம் வேண்டாம். மட்டை இருந்தால் கொண்டு வரவும்."

சிலுவை போட்ட கையோடு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் மறுநாள் ஒரு சாவு. அடைப்பு ஒரு நாள் முற்றும், ஒரு நாள் மற்ற இடங்களுக்கும் பரவும், ஒரு நாள் அறுவை சிகிச்சைக்கு மேனேஜர் சம்மதிக்க மாட்டார். பூங்காவுக்கு எதிரே டிர்சோவின் மாடி வீட்டு வாசலில் மட்டும் வண்டி நின்றே விடும். அங்கே அறிவிப்பு இரண்டு முறை. மேலே ஜன்னல் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்கும்.

பாதிரியார் ஒருமுறை வண்டியை மறித்தார். "சாவோட விளையாடாதப்பா."

"நான் எங்க சாமி விளையாடறேன்? மூணாவது இடத்துலதான் யாரும் விளையாட மாட்டேங்கறாங்க."

பாதிரியாரும் மரங்கொத்திக்காரர்தான். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போனார்.

டிசம்பரில் செருப்புத் தைக்கும் பெர்சியோ தெஹாடா இறந்துபோனார். ஊரிலேயே பேஸ்பால் பிடிக்காத ஒரே மனிதர் அவர்தான். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆட்டம் தொடங்கினால் இவர் ஆணி அடிக்கத் தொடங்கிவிடுவார். அதிகம் பேசமாட்டார். காலை எழுந்து பல் தேய்க்கும்போது சாய்ந்துவிட்டார். மனைவி யொகாஸ்தா அழுதுகொண்டே குயில்வியோவின் வாசலுக்கு வந்தாள்.

"ஊருக்குச் சொல்லிடு குயில்வியோ. அவருக்குன்னு இருக்கறது இந்த ஊருதான்."

அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்று அவன் குரலில் விளையாட்டு ஒரு துளிகூட இல்லை.

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்... பெர்சியோ..."

அதோடு சரி. 'தெஹாடா' என்ற பெயர் வாயிலிருந்து வருவதற்குள் தெரு வெடித்துச் சிரித்தது. மாடிகளிலிருந்து கைத்தட்டல். யாரோ பாத்திரத்தில் கரண்டியால் தாளம் போட்டார்கள். என் கடையில் அந்தக் காலை நேரத்திலேயே பீர் மூடிகள் பறந்தன.

ஃபாவுஸ்டோ பாட்டிலை உயர்த்தினான். "கடைசில பெர்சியோவையே பொதைச்சிட்டான்யா! அவன் ஆத்மா சாந்தியடையட்டும், நம்ம வரிசையும் சாந்தியடையட்டும்!"

வண்டி அடுத்த தெருவில் திரும்பியபோது நடுரோட்டில் ஒரு மலை நின்றிருந்தது. பெர்சியோ லூசியானோ. காலில் ரப்பர் செருப்பு, கையில் முள்கரண்டி, அதன் நுனியில் ஒரு துண்டு வறுத்த சலாமி. காலைச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தான்.

"நான் செத்துட்டேனா?" என்று கேட்டான்.

குயில்வியோ மைக்கைக் கீழே வைத்தான். "நீங்க இல்லண்ணே. செருப்புத் தைக்கிறவர்."

"வரிசைன்னு சொல்லி நெறைய நாள் கொன்னீங்க. ஒண்ணும் சொல்லல. பேரைச் சொல்லிக் கொல்லாதீங்க. எங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு."

"அண்ணே, சத்தியமா. தெஹாடா. நெஜமாவே செத்துட்டாரு. இப்பத்தான் அவர் சம்சாரம் வந்து சொன்னாங்க."

பெர்சியோ வண்டியைத் தாண்டித் தெருவைப் பார்த்தான். கதவு கதவாக ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நெஜமாவே ஒருத்தர் செத்திருந்தா, எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்க?"

குயில்வியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓட்டினான். "இது உண்மை! மாதா மேல் ஆணை, இது உண்மை! செருப்புத் தைக்கும் பெர்சியோ தெஹாடா அவர்கள்..." அவன் உருக உருக ஊர் இன்னும் சிரித்தது. ஒரு கட்டத்தில் அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அதற்குத்தான் பெரிய கைத்தட்டல் கிடைத்தது.

"இவன் ரேடியோ நாடகத்துக்குப் போயிருக்கணும்யா. இங்க கெடந்து வீணாப் போறான்" என்றான் ஃபாவுஸ்டோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துக்க வீட்டில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. இஞ்சித் தேநீர் பானையோடு ஆறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர், இரண்டு தூரத்து உறவுக்காரர்கள், பாதிரியார், அவ்வளவே. குயில்வியோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். யொகாஸ்தா அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

"என் புருஷன் செத்ததுக்கு ஊரே சிரிச்சுது குயில்வியோ" என்றாள். "உசுரோட இருந்தப்ப அவர் யாரையும் ஒரு நாள்கூடச் சிரிக்க வச்சதில்ல."

அவன் போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். தன் மேல் ஒரு அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

மத்தியானம் பெர்சியோ லூசியானோ வந்தான். தனியாக வரவில்லை. பயிற்சிக்குக் கிளம்பிய ஆட்டக்காரர்களில் ஏழெட்டுப் பேரைச் சீருடையோடேயே இழுத்துக்கொண்டு வந்தான். மரங்கொத்திகள் செருப்புக் கடைத் தெருவில் நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஊருக்கு ஒரு சாவு நடந்திருக்கிறது என்று நம்பிக்கை வந்தது. அரை மணியில் நாற்காலி போதவில்லை. அடக்கமாக உள்ளே வந்து, சவப்பெட்டிக்கு முன் சிலுவை போட்டு, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து வில்கினோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே போனவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. யொகாஸ்தாவே ஆட்களை நிறுத்தினாள். அவளுக்கும் பேஸ்பாலில் அ, ஆ தெரியாது.

"குயில்வியோ, நீ முன்னாடி வா. இந்தத் தம்பி ரெண்டாவது." பிறகு பெர்சியோவைப் பார்த்தாள். "நீங்க நல்ல பலசாலியா இருக்கீங்க. நீங்க மூணாவதா நில்லுங்க."

கூட்டம் முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டது. பாதிரியார் அவசரமாக ஜெபப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பெர்சியோ மட்டும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மூன்றாவதாகப் போய் நின்று தோள் கொடுத்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது அவனும் குயில்வியோவும் சேர்ந்து நடந்தார்கள்.

"நான்தான் அந்த அடைப்பு" என்றான் பெர்சியோ.

"அண்ணே, அது வந்து..."

"உள்ளதத்தானே சொன்னீங்க. எனக்கு இப்பல்லாம் பந்து வர்றது தெரியறதில்ல. போறதுதான் தெரியுது. நவம்பர்லயே மேனேஜர்கிட்டப் போயி, ஏழாவதாப் போடுங்க, எட்டாவதாப் போடுங்க, உக்கார வச்சாலும் சரின்னு கெஞ்சினேன். அவரும் சரின்னுதான் சொன்னாரு. மறுநா காலைல நீங்க வந்து அவர் வாசல்ல மைக்கப் போட்டீங்க."

"போட்டேன்."

"அதோட மாறிட்டாரு. 'இப்ப ஒன்னை எறக்கினா, சாவு வண்டிக்காரன் சொல்லி எறக்கினேன்னு ஊரு பேசும். எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் நீதான் மூணாவது'ன்னுட்டாரு."

குயில்வியோ நின்றுவிட்டான். "அப்ப, நான் கத்தக் கத்த..."

"நான் மூணாவது."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"ஒரு வாரம் வாயத் தெறக்காம இருங்க, போதும்" என்றான் பெர்சியோ. "நான் நிம்மதியா எட்டாவது எடத்துக்குப் போயிடுவேன்."

நூரிஸிடம் சொன்னபோது அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு வாரமா? நீயா? தூக்கத்துலயே 'எறியுடா வீட்டுக்கு'ன்னு கத்தற ஆளு நீ."

ஆனாலும் குயில்வியோ முயற்சி செய்தான், அதைச் சொல்ல வேண்டும். வண்டி வெங்காய விலையை மட்டும் சொல்லிக்கொண்டு டிர்சோவின் வீட்டைத் தாண்டிப் போனது. முதல் நாள் டிர்சோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் மாடி முகப்புக்கே வந்து, ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதா என்று பார்ப்பவர் போல நின்றார். அன்று சாயங்காலம் ரேடியோவில், "வரிசையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். என் கடையில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

சும்மா இருந்ததே வேலை செய்தது. அதைத்தான் குயில்வியோவால் தாங்க முடியவில்லை. தான் ஒன்றும் செய்யாமலே ஒரு நல்லது நடந்துவிடப் போகிறதே என்று அவனுக்கு உறக்கம் வரவில்லை. திட்டினால் பிடிவாதம் பிடிக்கிறார், அப்படியென்றால் புகழ்ந்தால் மாற்றிவிடுவார் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டான்.

"மூடச் சொன்னா மூட வேண்டியதுதானே?" என்றாள் நூரிஸ்.

"ஒனக்கு மனுஷ மனசு புரியாது."

மறுநாள் வாழைக்காய்க் குரலில், மூச்சு விடாமல், அறிவிப்பு வந்தது. "மூன்றாம் இடத்தில் பெர்சியோ! என்ன ஞானம்! என்ன துணிச்சல்! பெருமதிப்பிற்குரிய டிர்சோ மொன்டாஸ் போல ஒரு மூளை இந்தத் தீவில் உண்டா? சொன்னதைச் செய்யும் மனிதர்! செய்ததை மாற்றாத மனிதர்!"

மாடி முகப்பில் டிர்சோ கைகூப்பாத குறைதான். அன்று சாயங்காலம் ரேடியோவில் அவர் குரல் தழுதழுத்தது. "இந்த ஊர் மக்களுக்கு பேஸ்பால் தெரியும் என்று எனக்கு எப்போதுமே நம்பிக்கை இருந்தது. அவர்கள் ஆதரவு இருக்கும்வரை இந்த வரிசையை நான் தொடமாட்டேன்."

ஃபாவுஸ்டோ எழுந்து போய்க் குயில்வியோவின் வண்டியைச் சுற்றி வந்தான். "டயர் புதுசா இருக்கே!"

"போன மாசம் மாத்துனதுய்யா."

"நாக்கு இந்த வாரம்தானே மாத்துன?"

டிர்சோவிடம் காசு வாங்கிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. மறுநாளிலிருந்து அவன் வண்டியைக் கண்டால் பிள்ளைகள் ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். மாட்டுச் சத்தம் எழுப்பினார்கள். வாழைக்காய் வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். பயிற்சி மைதானத்தில் பெர்சியோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக வில்கின் வந்து சொன்னான். யொகாஸ்தா ஒருத்திதான் குயில்வியோவைக் கூப்பிட்டனுப்பினாள். ஒன்பதாம் நாள் பிரார்த்தனையை ஊருக்கு அறிவிக்க வேண்டும், இந்த முறை ஒழுங்காக. அவன் ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டியை நிறுத்தி, "இது பேஸ்பால் அல்ல. இது உண்மை" என்று சொல்லிவிட்டுத்தான் தெஹாடாவின் பெயரைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தச் சாவுக்கும் அவன் அப்படித்தான் தொடங்குகிறான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விழிப்பார்கள்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. மைதானத்தில் எள் போட இடமில்லை. நூரிஸும் வந்திருந்தாள், சண்டை வந்தால் புருஷனை இழுத்துக்கொண்டு போக. கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் பின்னால். ஒருவன் அவுட். மூன்று பேஸிலும் ஆட்கள். அடுத்து யார் என்று சொல்லவும் வேண்டுமா?

பெர்சியோ வெளியே வந்ததும் மைதானம் முழுவதும் ஒரே பெருமூச்சு, பெரிய டயரில் காற்று இறங்குகிற மாதிரி. அவன் நாலு எட்டு வைத்தான். நின்றான். எங்கள் பக்கம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு நேராக மேனேஜரிடம் போய் மட்டையை அவர் கையில் வைத்தான்.

அங்கே என்ன பேசினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

"இடுப்பு பிடிச்சிக்கிச்சு" என்றிருக்கிறான்.

"பொய்" என்றிருக்கிறார் டிர்சோ.

"பொய்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த சீசனில் முதல்முறையாக ஊர் எழுந்து நின்று பெர்சியோவுக்குக் கைத்தட்டியது. சில பெண்கள் அழுதார்கள். அடுத்த நொடி எல்லாரும் ஒரே குரலில் கத்தத் தொடங்கினோம்: "யெஃப்ரி! யெஃப்ரி!" யெஃப்ரி உட்கார்ந்திருந்தவர்களில் இருந்த ஒரே நல்ல அடிக்காரன். இடது கைக்காரன். மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டான். குயில்வியோவின் குரல் மைக் இல்லாமலே மைதானத்தைச் சுற்றி வந்தது.

"வாய மூடு!" என்று நூரிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கூட்டமா கத்தாதீங்க! அந்த ஆளுக்குக் காதுல விழுது பாரு!"

விழுந்துவிட்டது. டிர்சோ கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். யெஃப்ரியை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவிடியோவைக் கூப்பிட்டார். ஒவிடியோ, பந்து பிடிப்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் பிடிப்பதற்காக வைத்திருந்த ஆள். சீசன் முழுக்க யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அவன் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டே போய் நின்றான். முதல் பந்து. டொக். பந்து எறிந்தவனிடமே உருண்டு போனது. அவன் வீட்டுக்கு எறிய, அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய, இரண்டு பேர் அவுட், முன்பு போனவனோடு மூன்று. முடிந்தது.

மைதானம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. அந்த அமைதியில் குயில்வியோ தலையில் அடித்துக்கொண்டு எழுந்து கத்தினான்: "அட, பெர்சியோவையே விட்டிருக்கலாமேய்யா!"

எங்கள் இருக்கை வரிசை முழுவதும் திரும்பி அவனைப் பார்த்தது.

"இப்ப என்ன சொன்ன?" என்றான் ஃபாவுஸ்டோ.

"நானா? ஒண்ணும் சொல்லல."

"சொன்னான்" என்றாள் நூரிஸ். "எல்லாரும் கேட்டீங்கல்ல? நான் செத்தா இதையும் சேத்து அறிவிக்கச் சொல்லுங்க."

புது வருஷம் பிறந்ததும் டிர்சோவுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் தெற்கே ஒரு அணிக்குப் போய், நாற்பதைத் தொட்ட ஒருவனை மூன்றாம் இடத்தில் வைத்து, கோப்பையை வாங்கினார். எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால், "நம்ம காலை வாரத்தான் இங்க வந்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

பெர்சியோ ஆட்டத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரம் வண்டி கழுவும் இடம் ஒன்று வைத்திருக்கிறான். வண்டி கழுவுகிற நேரத்தில் பீர் கிடைக்கும், பாட்டு கிடைக்கும், சீசன் வந்தால் ரேடியோ. குயில்வியோவின் வண்டி அவ்வளவு அழுக்காவதில்லை என்றாலும் வாரம் தவறாமல் அங்கே நிற்கும். வாழைக்காய் வியாபாரி திரும்பி வந்துவிட்டான். பிள்ளைகள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது எங்களுக்கு வந்திருக்கும் மேனேஜர் இளைஞர். கம்ப்யூட்டரைப் பார்த்து நாளுக்கொரு வரிசை போடுகிறார். இன்று முதலில் போகிறவன் நாளை ஆறாவது. நேற்று நாலாவது நின்றவன் இன்று வீட்டில். போன வாரம் நானும் பெர்சியோவின் வண்டி கழுவும் இடத்தில் இருந்தேன். ரேடியோவில் வரிசை வாசித்து முடித்ததும் குயில்வியோ வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே தொடங்கினான்.

"இது வரிசையா, லாட்டரியா? ஒரு மனுசன்னா ஒரு நெலை வேண்டாமா? நல்லதோ கெட்டதோ, ஒருத்தன ஒரு எடத்துல வச்சா வச்சதுதான்னு இருக்கணும். டிர்சோவைச் சொல்லு, அந்த ஆளுக்கு இருந்துச்சு பாரு ஒரு உறுதி..."

பெர்சியோ சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த தண்ணீர்க் குழாயை, திறந்திருந்த ஜன்னல் வழியே, உள்ளே திருப்பினான்.